ஆலா ஏன் கம்பியைப் பிடிக்கவில்லை: கற்பனை நாடொன்றின் கடற்படை விமானம் பற்றிய நிகழ்வு ஆய்வு

நெய்தலம் எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மாணவர்களின் வடிவமைப்புப் பயிற்சிக்காக உருவாக்கப்பட்டது. அதற்கு நீளமான கடற்கரை உண்டு, ஒரேயொரு விமானந்தாங்கிக் கப்பல் உண்டு, தரைத் தளங்களிலிருந்து பறக்கும் இரட்டை எஞ்சின் போர் விமானம் ஒன்றும் உண்டு. அந்தத் தரை விமானத்தைக் கப்பலுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பதே கொடுக்கப்பட்ட வேலை. மாற்றிய விமானத்துக்கு ஆலா என்று பெயர். அலைமேல் தாழப் பறந்து மீன் கொத்தும் கடற்பறவையின் பெயர் அது.

காகிதத்தில் ஆலா நன்றாகவே ஏறியது. 16-இல் ஒரு பங்கு மாதிரியைப் பலகைத் தளத்தில் ஓட்டியபோது அதன் வால்பக்கக் கொக்கி, இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய தடுப்புக் கம்பியை ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. எதனால் பிடிக்கவில்லை, அதைச் சரிசெய்யப் போனபோது வேறு என்னென்ன இடம்பெயர்ந்தன என்பதே இந்த ஆய்வு. நாடுதான் கற்பனை. எடை, வேகம், விசை எல்லாம் இயற்பியல் விதிப்படியே போடப்பட்டவை.

விமானமும் கப்பலும்

கப்பலின் அளவுகளுக்கு முன்மாதிரி, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த். நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். விமானத்தை இழுத்து எறியும் கேட்டபுல்ட் அதில் கிடையாது. முன்முனையில் தளம் மேல்நோக்கி வளைந்திருக்கும், விமானம் சொந்த எஞ்சின் பலத்தில் ஓடி அந்த வளைவிலிருந்து எழும். இறங்கும்போது பிடித்து நிறுத்த மூன்று தடுப்புக் கம்பிகள். நெய்தலத்தின் கப்பலுக்கும் இதே முறைதான். 14 பாகை வளைவு, 145 மீட்டரிலும் 195 மீட்டரிலும் இரண்டு ஓட்டத் தொடக்கப் புள்ளிகள், 12 மீட்டர் இடைவெளியில் மூன்று கம்பிகள், விமானத்தைத் தளத்துக்கு ஏற்றி இறக்கும் 10 மீட்டர் அகல லிஃப்ட்.

ஆலாவின் தரை வடிவம் வெற்று எடையில் 10.5 டன். இரண்டு எஞ்சினும் ஆஃப்டர்பர்னருடன், அதாவது வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்புடன், சேர்ந்து 160 கிலோநியூட்டன் உந்துவிசை தரும். இறக்கைப் பரப்பு 46 சதுர மீட்டர், இறக்கை விரிவு 11.2 மீட்டர். லிஃப்ட் 10 மீட்டர்தான் என்பதால் இறக்கை மடிய வேண்டும். மடிப்பு மூட்டு, கெட்டியான சக்கரக் கால்கள், கொக்கி, உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சும் இணைப்புகளும் எல்லாம் சேர்ந்து வெற்று எடை 11.6 டன் ஆனது. கூடிய 1.1 டன்னில் பாதிக்கு மேல் சக்கரக் கால்களும் அவை பொருந்தும் சட்டகமும் எடுத்துக்கொண்டவை. இந்த எடைக்கு அஞ்சித்தான் தரை விமானத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் எந்த நாடும் தயங்குகிறது. நம் தேஜாஸின் கடற்படை வடிவம் 2012 ஏப்ரல் 27-இல் முதன்முதலாகப் பறந்தது. அதிக எடை காரணமாக அதைத் தன் கப்பல்களுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று 2016 டிசம்பரில் கடற்படை வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அந்த விமானம் கைவிடப்படவில்லை. கற்றுக்கொள்வதற்கான கருவியாகத் தொடர்ந்து பறந்து, 2020 ஜனவரி 11-இல் விக்ரமாதித்யாவிலும் 2023 பிப்ரவரி 6-இல் விக்ராந்திலும் இறங்கியது. ஆலாவைத் தொடங்குகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த விமானத்தின் வரலாற்றைத்தான்.

ஏறுவது கடினமான பகுதி அல்ல

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். 145 மீட்டரில் ஒரு போர் விமானம் எப்படி எழும் என்பது நியாயமான கேள்வி. கணக்கு இதோ.

விமானம் 20 டன். 160 கிலோநியூட்டனில் உராய்வு, காற்றுத்தடை, காற்றுவாய் இழப்பு ஆகியவற்றுக்கு 15 சதவீதம் கழித்தால் 136 மிஞ்சும். முடுக்கம் விநாடிக்கு விநாடி 6.8 மீட்டர். 145 மீட்டர் ஓடினால் வேகம் விநாடிக்கு 44 மீட்டர், வளைவில் 6 மீட்டர் உயரம் ஏறுவதில் ஒரு மீட்டர் குறைந்து 43. கப்பல் காற்றை எதிர்த்து ஓடுவதால் தளத்தின்மேல் 25 நாட் காற்று இருக்கும், அது விநாடிக்கு 13 மீட்டர். பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் திணறுகிறவர்களுக்கு இந்தக் காற்றின் பலத்தை விளக்கத் தேவையில்லை. இரண்டும் கூடி, தளத்தை விடும் கணத்தில் விமானத்தின் காற்றுவேகம் 56 மீட்டர்.

20 டன்னைச் சமமட்டத்தில் தாங்க அந்த இறக்கைக்கு 68 மீட்டர் வேண்டும். ஆகவே வளைவை விட்டு விலகும்போது ஆலா முழுதாகப் பறக்கத் தொடங்கியிருக்காது, மேல்நோக்கி எறியப்பட்ட கல்லைப் போலத்தான் போகும். ஆனால் 14 பாகைச் சாய்வால் அதற்கு விநாடிக்கு 10 மீட்டர் மேலெழும் வேகம் கிடைத்திருக்கிறது. இறக்கையின் தூக்குவிசையும், மூக்கு உயர்ந்திருப்பதால் கிடைக்கும் உந்துவிசையின் மேல்நோக்கிய பங்கும் சேர்ந்து எடையில் ஐந்தில் நான்கு பங்கைத் தாங்கிவிடும். மிஞ்சிய ஒரு பங்கு அந்த 10 மீட்டரைத் தின்று தீர்க்க 5 விநாடி ஆகும். குறைவாக இருக்கும் 12 மீட்டர் வேகத்தை எஞ்சின் 3 விநாடிக்குள் சேர்த்துவிடும். இரண்டு விநாடி மிச்சம்.

இதே கணக்கை 22 டன்னுக்குப் போட்டால் குட்டை ஓட்டத்தில் நிலைமை இறுகுகிறது. தேவையான கூடுதல் வேகம் சேர 3.6 விநாடி வேண்டும், மேலெழும் வேகமோ 3.3 விநாடியில் தீர்ந்துவிடும். வெயில் நாளில் எஞ்சின் சற்றுத் தளர்ந்தாலே விமானம் கடலை நோக்கித் தாழும். எனவே 22 டன் என்றால் 195 மீட்டர் ஓட்டம் மட்டும் என்று விதி எழுதியாயிற்று. ஏறுவதில் முடிவெடுக்க வேண்டியது இவ்வளவுதான். எடையைக் குறைக்கலாம், ஓட்டத்தை நீட்டலாம், கப்பலை வேகமாக ஓட்டலாம். இறங்கும்போது இப்படி விட்டுப்பிடிக்க எதுவும் இருக்காது.

இறங்கும் கணக்கு

தரையில் இறங்கும் விமானி கடைசி நொடிகளில் மூக்கைச் சற்று உயர்த்தி மெதுவாகச் சக்கரத்தை வைப்பார். கப்பலில் அதற்கு இடமில்லை. 3.5 பாகைச் சாய்வில் வந்த விமானம் அதே சாய்வில் தளத்தில் மோதும். ஆலாவின் இறங்கு காற்றுவேகம் 70 மீட்டர். தளக்காற்று 13-ஐக் கழித்தால் கப்பலை நெருங்கும் வேகம் 57, கீழிறங்கும் வேகம் 3.5. கடல் அமைதியாக இருக்கும்போதான கணக்கு இது. தளம் மேலே எழும்பும் நேரத்தில் விமானமும் சாய்வைவிட வேகமாகக் கீழே விழுந்தால் இந்த எண் இரட்டிக்கும். அதனால்தான் கப்பல் விமானங்களின் கால்கள் விநாடிக்கு 7 மீட்டரையொட்டித் தாங்கும்படி வடிக்கப்படுகின்றன. தரை விமானத்துக்கு 3 போதும்.

3-க்கும் 7-க்கும் உள்ள தூரம் இரு மடங்குக்குச் சற்று அதிகமாகத் தெரியும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் உண்மையில் அது 5.4 மடங்கு. தரை வடிவத்தின் கால் 30 சென்டிமீட்டர் அமுங்கும். விநாடிக்கு 3 மீட்டரில் வந்தால் சராசரித் தாக்கம் புவியீர்ப்பைப்போல் 1.5 மடங்கு. அதே கால் 7 மீட்டரில் வந்தால் 8 மடங்குக்கு மேல். கால் தாங்கினாலும் அது பொருந்திய சட்டகம் தாங்காது. அமுங்கும் தூரத்தை 50 சென்டிமீட்டராக்கினால் 5 மடங்குக்கு வரும். அந்த 20 சென்டிமீட்டருக்காகக் கால் நீண்டது, நீண்ட கால் மடிந்து உள்ளே போக இடம் தேவைப்பட்டது, இடத்துக்காக எரிபொருள் தொட்டியின் ஒரு மூலை போனது.

அடுத்து, நிறுத்துவது. 15 டன், விநாடிக்கு 57 மீட்டர் என்றால் 24.4 மெகாஜூல் ஆற்றல். 90 மீட்டரில் நிறுத்த வேண்டும். சராசரி இழுப்பு 271 கிலோநியூட்டன். இதோடு முடியவில்லை. சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை முழுவதுமாகத் திறக்கிறார், ஏனென்றால் கொக்கி தவறினால் அடுத்த இரண்டு விநாடியில் அவர் மறுபடி பறந்தாக வேண்டும். ஆஃப்டர்பர்னர் இல்லாமலே 100 கிலோநியூட்டன் அது. கம்பியும் கொக்கியும் அதையும் சேர்த்தே இழுத்துப் பிடிக்கின்றன.

இந்த 15 டன் வரம்பு எங்கும் எழுதி ஒட்டப்பட வேண்டியது. வெற்று எடை 11.6, விமானியும் எண்ணெயும் ஆயுதத் தாங்கிகளும் 0.3, தவறினால் சுற்றி வருவதற்கான எரிபொருள் 1.5. மிச்சம் 1.6 டன். பயன்படுத்தாத ஏவுகணைகளுடன் திரும்பிவரும் விமானம் இந்த 1.6 டன்னுக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் விலையுயர்ந்த ஆயுதங்களைக் கடலில் கொட்டிவிட்டு இறங்க வேண்டும். சட்டகத்தில் ஒரு கிலோ கூடினால் இங்கே ஒரு கிலோ குறையும்.

பலகையில் ஒரு தளம்

மாதிரிக்கு 1:16 அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புவியீர்ப்பு மாதிரிக்கும் மெய்யான விமானத்துக்கும் ஒன்றே என்பதால், நீளத்தை 16-ஆல் வகுத்தால் வேகத்தையும் நேரத்தையும் அதன் வர்க்கமூலமான 4-ஆல் வகுக்க வேண்டும். எடையும் விசையும் 16-இன் மும்மடியான 4096-ஆல், ஆற்றல் 65,536-ஆல் குறையும். வர்க்கமூலம் முழு எண்ணாக வரும்போது மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்.

அப்படியானால் 15 டன் ஆலா 3.66 கிலோவாகிறது. 57 மீட்டர் வேகம் 14.25 ஆகிறது. ஆற்றல் 372 ஜூல், நிறுத்தும் தூரம் 5.6 மீட்டர், சராசரி இழுப்பு 66 நியூட்டன், அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தூக்குவதுபோல. கையாளக்கூடிய எண்கள்.

தளத்துக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு அடிப் பலகைகள் மூன்று, நீளவாக்கில். 7.3 மீட்டர் வந்தது. அதற்கு முன்னால் ஓடி வருவதற்கு 6 மீட்டர், சிமென்ட் போட்ட நெற்களத்தின் மேலேயே. சைக்கிள் டியூபைக் கீறிச் செய்த ரப்பர்ப் பட்டைகள் மாதிரியை இழுக்கும், தளத்தின் விளிம்பில் பட்டை தானாகக் கழன்றுகொள்ளும். கணவாய்க்காற்று எழும்புவதற்கு முன், பொழுது விடியும்போதே ஓட்டி முடித்துவிட வேண்டும். காற்று கிளம்பினால் மூன்றரைக் கிலோ மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து அளவே பாழாகும்.

மெய்யான தடுப்புக் கம்பி ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் தடிமன். 16-ஆல் வகுத்தால் 2.2. இரு சக்கர வாகனத்தின் கிளட்ச் கேபிளின் உள்கம்பி 2 மில்லிமீட்டரில் கிடைக்கிறது, மீட்டருக்கான அதன் எடையும் தேவையான அளவை ஒட்டியே வருகிறது. கம்பி தளத்தின்மேல் படுத்திருக்கக் கூடாது. மெய்யான கப்பலில் வில்போல் வளைந்த பட்டைகள் அதைத் தூக்கிப் பிடிக்கும். இங்கே பழைய குடைக்கம்பிகளை வளைத்து வைத்ததில் 6 மில்லிமீட்டர் உயரம் கிடைத்தது. கம்பியின் இரு முனைகளும் கப்பிகளைச் சுற்றி, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கிய நைலான் பட்டையில் சேரும். பட்டை உராய்ந்து நழுவுவதுதான் பிரேக். இறுக்கத்தை விரல்நட்டால் மாற்றி, தொங்கு தராசால் பட்டையை இழுத்துப் பார்த்து, இரு பக்கமும் சேர்ந்து 6.7 கிலோ காட்டும்வரை வைக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பும்.

கால்களுக்கு ரிமோட் கார்களில் வரும் சிறு எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள், 31 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியவை. இவற்றைத் தனியாகச் செங்குத்தாகப் போட்டுச் சோதிக்க வேண்டும். 7 மீட்டருக்கு ஈடான 1.75 மீட்டர் வேகம் கிடைக்க 15.6 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் போதும். இங்கே ஒரு தவறு எளிதில் நேரும். உண்மையில் இறங்கும் கணத்தில் இறக்கை எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெறுமனே போட்டால் அந்தத் தாங்கல் இல்லாததால் கால்கள் கூடுதலாக வாங்கும். அதை ஈடுகட்ட, விழும் உயரத்தை, அந்த உயரமும் அமுங்கும் தூரமும் சேர்ந்த தொகையால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்துக்கு எடையைக் குறைக்க வேண்டும். 15.6-ஐ 18.7-ஆல் வகுத்தால் 0.83. ஆகவே செங்குத்துச் சோதனைக்கு மாதிரி 3.05 கிலோ, கம்பிச் சோதனைக்கு 3.66. இதைக் கவனிக்காமல் நல்ல கால்களைக் குறை சொல்லிக் கழித்துவிடுவது மிக எளிது.

தவறிய கொக்கி

முதல் சுற்றில் மாதிரி கம்பியைத் தாண்டி ஓடி, பலகையின் கடைசியில் கட்டியிருந்த வலையில் விழுந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே. மேலிருந்து எடுத்த வீடியோவில் கொக்கி கம்பியைக் கடப்பது மட்டும் தெரிந்தது. கொக்கி தளத்தில் பட்டுத் துள்ளுகிறது என்று முடிவுகட்டி, கொக்கித் தண்டைக் கீழே அழுத்தும் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினார்கள். துள்ளல் அதிகமானது.

கொக்கித் தண்டைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரரிடம் ஒரு மாணவர் கேட்டார், "அண்ணா, இன்னும் கெட்டி ஸ்பிரிங்காப் போட்டா நிக்குமா?" அவர் சொன்ன பதில் எந்தப் பாடநூலிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. "ஸ்பிரிங்கு வாங்குனதத் திருப்பிக் குடுத்துரும் கண்ணு. எண்ணெதான் வாங்குனத முழுங்கும்."

அதன்படி தண்டின் மூட்டில், துள்ளலை அடக்கும் சிறு எண்ணெய் டாம்பர் ஒன்று ஏறியது. அதில் என்ன எண்ணெய் என்பதும் விஷயம்தான். கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழி விடியலில் டாம்பர் கல்லாகிவிடும். விளக்கெண்ணெயும் குளிரில் மிகக் கெட்டிப்படும். குளிரிலும் வெயிலிலும் அதிகம் மாறாத சிலிக்கான் எண்ணெய் ஊற்றியபின் தண்டு தளத்தில் பட்டு அடங்கியது. துள்ளல் நின்றது. கம்பி மட்டும் இன்னும் சிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் கேமராவை நகர்த்த வேண்டியிருந்தது. கைபேசியைத் தளத்தின் மட்டத்துக்கே இறக்கி, பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்புறம் வெள்ளைச் சார்ட் தாளை நிறுத்தி, விநாடிக்கு 240 படமாக எடுத்தார்கள். 14.25 மீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாதிரி 6 சென்டிமீட்டர் நகரும். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது நடந்தது தெளிவானது. முதல் படத்தில் பின் சக்கரங்கள் கம்பியின் மேல் ஏறுகின்றன. அடுத்ததில் கம்பி பலகையோடு பலகையாகப் படுத்திருக்கிறது. அதற்கடுத்ததில் கொக்கியின் முனை படுத்த கம்பியின் மேலேயே வழுக்கிப் போகிறது. அதற்கும் அடுத்த படங்களில், கொக்கி போனபிறகு, கம்பி நிதானமாக எழுந்து தன் உயரத்துக்கு வருகிறது.

இரண்டு வெவ்வேறு பழுதுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்திருக்கின்றன. துள்ளல் ஒன்று. சக்கரம் மிதித்த கம்பி எழும்பக் கொக்கி நேரம் கொடுக்காதது மற்றொன்று. முதல் பழுது தீராமல் இரண்டாவது கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

கணக்கு எளிது. ஆலாவின் முதல் வடிவத்தில் பின் சக்கரங்களிலிருந்து கொக்கி முனைவரை 2.2 மீட்டர். 57 மீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி 39 மில்லிவிநாடி. மாதிரியில் 14 சென்டிமீட்டர், 10 மில்லிவிநாடி, வீடியோவில் இரண்டரைப் படம்கூட இல்லை. அவ்வளவு நேரத்தில் மிதிபட்ட எஃகுக் கம்பி எழும்பாது.

இது கற்பனை நாட்டுக்கு மட்டும் வரும் தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கப்பல் போர் விமானமான எஃப்-35சி 2011-இல் நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்டில் தரையில் ஓடிக் கம்பியைப் பிடிக்கும் சோதனையில் எட்டு முறையும் தவறியது. அதில் பின் சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடையே 7.1 அடிதான். உடல் வடிவம் முடிந்துவிட்டிருந்ததால் கொக்கியின் இடத்தை மாற்ற வழியில்லை. கொக்கி முனையின் வடிவத்தையும், அதைத் தளத்தோடு அழுத்திப் பிடிக்கும் அமைப்பையும் திருத்தினார்கள். 2014 நவம்பர் 3-இல் நிமிட்ஸ் கப்பலில் அது முதன்முறையாகக் கம்பியைப் பிடித்தது. மூன்று ஆண்டுகள். காகிதத்தில் இருக்கும்போது பென்சிலால் நகர்த்தக்கூடிய ஒரு புள்ளிக்காக.

ஆலா இன்னும் காகிதத்தில் இருப்பதால் நகர்த்தலாம். கொக்கியின் மூட்டு ஏன் அவ்வளவு முன்னால் இருந்தது என்று வரைபடத்தைப் புரட்டினால், தரை வடிவத்தின் பிரேக் பாராசூட் பெட்டி இரு எஞ்சின்களுக்கும் நடுவே வாலில் உட்கார்ந்திருந்தது. கொக்கிக்கு அதன் முன்னால் கிடைத்த இடம் அது. கப்பலில் இறங்கும் விமானத்துக்கு அந்தப் பாராசூட் எதற்கு? பழைய வரைபடத்தில் இருந்ததால் யாரும் கை வைக்காமல் விட்டது. பெட்டியை எடுத்துவிட்டு, நடு முதுகெலும்புச் சட்டத்தை வால்வரை நீட்டி, கொக்கி முனையை 5 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். இடைவெளி 88 மில்லிவிநாடி ஆனது. மாதிரியில் ஐந்து படங்கள். முனையின் உதட்டையும் அரம் போட்டுக் கூர்மையாக்கி, தளத்தை ஒட்டி வருமாறு தாழ்த்தினார்கள். அடுத்த விடியலில் கம்பி பிடிபட்டது, பட்டை சீராக நழுவி, மாதிரி ஐந்தரை மீட்டர் தாண்டியதும் நின்றது.

நின்ற அதே ஓட்டத்தில் மூக்குச் சக்கரக் கால் வளைந்துபோனது. 2 மில்லிமீட்டர் சைக்கிள் ஸ்போக்கில் செய்த கால் அது. கொக்கியின் இழுப்பு விமானத்தின் எடைமையத்துக்குக் கீழே இருப்பதால் மூக்கு கீழே அழுந்தும். மெய்யளவில் 271 கிலோநியூட்டன், 1.2 மீட்டர் கீழே, மூக்குக் காலுக்கும் பின் கால்களுக்கும் இடையே 5.5 மீட்டர் என்றால் மூக்குக் காலில் கூடுதலாக 59 கிலோநியூட்டன், ஆறு டன் சுமை. இதுவரை கம்பியே பிடிபடாததால் இந்தச் சுமையை அந்தக் கால் பார்த்ததே இல்லை.

நகர்த்தியதற்குக் கொடுத்த விலை

நீட்டிய சட்டம் 180 கிலோ, எடுத்த பெட்டி 60 கிலோ. நிகரமாக 120 கிலோ கூடியது. திரும்பக் கொண்டுவரக்கூடிய ஆயுதச் சுமை 1.6 டன்னிலிருந்து 1.48 ஆனது. எடைமையம் பின்னால் நகர்ந்ததை மின்கலத்தையும் சில பெட்டிகளையும் மூக்குப் பக்கம் மாற்றிச் சரிக்கட்டலாம். மூக்கில் காலி இடம் இருக்கும்வரை இது பெரிய தொல்லை இல்லை.

பெரிய தொல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஆலா மூக்கைத் தூக்கி, பாதைக்கு 9 பாகை சாய்ந்த நிலையில்தான் இறங்குகிறது. கொக்கி 2.8 மீட்டர் பின்னால் போனால், அந்தச் சாய்வில் அது 44 சென்டிமீட்டர் கீழேயும் போகிறது. சரியான இறங்கு சாய்வைக் காட்டத் தளத்தில் ஒரு விளக்கு இருக்கும், விமானி எப்போதும் பார்க்கும் அதே விளக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வருவார். அவர் கண் அதே உயரத்தில்தான் வரும். கொக்கி மட்டும் 44 சென்டிமீட்டர் தாழ்ந்து வரும். கப்பலின் பின்விளிம்பைத் தாண்டும்போது இருக்கும் இடைவெளி அந்த அளவு குறையும். 3.5 பாகைச் சாய்வில் 44 சென்டிமீட்டர் என்பது தளத்தில் 7 மீட்டர். இரண்டாவது கம்பியைக் குறிவைத்து வந்தவரின் கொக்கி, கம்பிகளுக்கு இடையிலான 12 மீட்டரில் பாதிக்கு மேல் முன்னதாகவே தளத்தைத் தொடும்.

இதனால்தான் கப்பல்களில் இறங்கு விளக்கு ஒவ்வொரு விமான வகைக்கும் தனியாகத் திருத்தி வைக்கப்படுகிறது. கண்ணுக்கும் கொக்கிக்கும் உள்ள செங்குத்து இடைவெளி வகைக்கு வகை மாறும். தளத்தில் இருப்பவர் அடுத்து வருவது எந்த விமானம் என்று பார்த்து விளக்கின் அமைப்பை மாற்றுவார். நெய்தலத்தின் கப்பலுக்கு எழுதியிருந்த விளக்கு அட்டவணை பழைய கொக்கிக்கானது, அதைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

தேஜாஸ் கடற்படை வடிவத்தில் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்ததும், இறக்கையின் வேரில் லெவ்கான் என்ற அசையும் பரப்புகளைச் சேர்த்ததும் இங்கேதான் பொருள்படுகின்றன. மூக்கு மறைத்தால் விமானிக்கு விளக்கே தெரியாது. லெவ்கான் இறங்கு வேகத்தைக் குறைக்கிறது. ஆலாவில் 70 மீட்டரை 66 ஆக்க முடிந்தால் கப்பலை நெருங்கும் வேகம் 53 ஆகும், கம்பி விழுங்க வேண்டிய ஆற்றல் 24.4 மெகாஜூலிலிருந்து 21-க்கு இறங்கும். எடை கூடினால் இறங்கு வேகமும் கூடும் என்பதையும் கணக்கில் எடுத்தால், அதே கம்பி, அதே 90 மீட்டரில் ஏறத்தாழ ஒரு டன் கூடுதல் எடையோடு இறங்கலாம். கொக்கிக்காக இழந்த 120 கிலோ அங்கே பலமடங்காகத் திரும்பிவரும். கால்களும் சட்டகமும் அந்த எடையைத் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

மாதிரியில் அடுத்து ஏறப்போவது லெவ்கான் அல்ல, 3 மில்லிமீட்டர் எஃகில் புது மூக்குக் கால். அதை மாட்டியபின் மாதிரியை நடுக்கோட்டிலிருந்து 19 சென்டிமீட்டர் விலக்கி ஓட்ட வேண்டும், மெய்யளவில் 3 மீட்டர். நடுவில் பிடித்த கம்பி இரு பக்கமும் சமமாக நழுவுகிறது. ஓரத்தில் பிடித்தால் ஒரு பட்டை முந்தும், மூக்கு அந்தப் பக்கம் இழுபடும், புதுக் காலுக்குப் பக்கவாட்டுச் சுமை வரும். தராசில் இரு பக்க இறுக்கத்தையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நைலான் பட்டை இரண்டு மூன்று ஓட்டங்களில் சூடேறிப் பளபளப்பாகி, பிடி தளர்ந்துவிடுகிறது.